உத்தேசத்தில் ஒரு வீடு

மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் சாவியார் இருந்தார். அவரைப் பார்க்க வந்த வரிசை மாடிப்படியில் அடங்காமல் மெத்தைக் கடைக்குள் இறங்கி, மெத்தைகளைச் சுற்றி வளைந்து, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். கால் கடுத்தவர்கள் மெத்தையில் உட்கார்ந்து, உட்கார்ந்தவர்களில் சிலர் வாங்கியும் விட்ட பிறகு, சாவியாரின் மகிமையை அவரே உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தலைக்கு மேல் கூரை கேட்டு வந்தவர்கள் முதுகுக்குக் கீழே மெத்தையோடு போனார்கள்.

சாவியார் என்பது அச்சுப்பிழை இல்லை. சாமியார்கள் அடுத்த உலகத்தில் இடம் பிடித்துக் கொடுப்பவர்கள். அது சுலபம். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து புகார் சொன்னவர் கிடையாது. சாவியாரோ இந்த உலகத்திலேயே, இந்த நகரத்திலேயே, கட்டுப்படியாகும் வாடகையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு காட்டுவார். இரண்டில் எது பெரிய அற்புதம் என்று வீடு தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள்.

நான் அலைந்திருக்கிறேன். ‘நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்’ என்று விளம்பரம் போடுகிறார்கள். நடந்துகொண்டே இருந்தால் எல்லாமே நடக்கும் தூரம்தான். ‘நல்ல காற்றோட்டம்’ என்றால் ஜன்னலில் கண்ணாடி இல்லை. ‘நிலையத்தை ஒட்டியே’ என்றால் ரயில் போகும்போது தட்டுகள் அலமாரியை விட்டு இறங்கி வரும். ஒரு வீட்டில் சமையலறையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அதில்தான் நிற்கிறீர்கள் என்றார்கள்.

இப்படி நொந்துபோனவர்களிடம், நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள், அது உங்கள் வீட்டைக் காட்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? வரிசையில் நின்றார்கள்.

முறை இதுதான். பெரிய மேசை. அதன்மேல் தரை தொடும் விரிப்பு. விரிப்பின்மேல் நகரத்தின் ரயில் வரைபடம். சாவி கட்டிய நூலை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். சாவியார் உங்கள் முழங்கையைத் தாங்கி, சிவப்புக் கோடு, நீலக் கோடு, பச்சைக் கோடு என்று மெல்ல நகர்த்துவார். உங்களுக்கு விதித்த நிலையம் வந்ததும் சாவி துடித்து, இழுத்துக்கொண்டு நிற்கும். பக்கத்து அறையில் சாவியாரின் மச்சான் ரசீதோடு உட்கார்ந்திருப்பார். முன்பணத்தைக் கட்டினால் அங்கே இருக்கும் கட்டடத்தில் வீடு உங்களுக்கு. கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. சாவி காட்டியதைக் கண் சோதித்தால் சாவிக்குக் கோபம் வருமாம்.

சாவி எல்லோருக்கும் ஒரே நிலையத்தைத்தான் காட்டியது. வரைபடத்தின் மேல்பக்கத்து வலது மூலையில், பச்சைக் கோடு முடிந்து புள்ளிப் புள்ளியாகத் தொடரும் இடத்தில், கடைசி வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘உத்தேசம்’ என்று அச்சடித்திருந்தது.

அதெப்படி எல்லோருக்கும் ஒரே இடம் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வருகிறதே, பொய்யாக இருந்தால் ஆளுக்கு ஒன்று வந்திருக்காதா என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும், அதென்ன உத்தேசம் என்று இழுத்திருக்கிறார். சாவியார் கண்ணை மூடித் திறந்து பதம் பிரித்தார். “உத் தேசம். உத்தமமான தேசம்.”

அன்றிலிருந்து அது ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. எங்களுக்கு உத்தேசத்தில் கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதே வாய் அடுத்த மூச்சில், உத்தேசமாக எப்போது குடிபோகலாம் என்றும் கேட்டது. தினமும் நாக்கில் புரளும் சொல்லுக்கே அர்த்தத்தை மறக்கடிப்பது லேசான வித்தை இல்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் சாவியார் அத்தான் வழியாக நுழைந்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். அக்கா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறாள். நான் இயற்பியல் படித்துவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் சரிபார்க்கிறேன். அக்காவின் மகளையும் சேர்த்து நான்கு பேர், நகரத்தின் ஓரத்தில் ஒரே அறையில் இருந்தோம். மடித்து வைத்த பாய்களுக்கும் அத்தானின் கருவிப் பெட்டிக்கும் நடுவில் குழந்தை ஓடிப் பழகினாள். பகலில் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார்.

தொழிற்சாலைக்குப் போக அக்காவுக்கு இரண்டு பஸ், ஒரு ரயில், மீண்டும் ஒரு பஸ். குழந்தை விழிப்பதும் அக்கா செருப்பு மாட்டுவதும் ஒரே நேரம். அக்கா திரும்பும்போது குழந்தைக்குக் கண் சொருகிவிடும். அம்மா என்றால் கிளம்பிப் போகிற ஆள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்தால்கூடக் கையை ஆட்டி “டாட்டா” என்பாள். நாங்கள் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

நான் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். சாவி இல்லாமல், கால்களால். நீலக் கோட்டில் ஒரு நிலையம், அதன் பின்தெரு, மூன்றாம் மாடி. இரண்டு அறைகள். லிஃப்ட் இல்லை. படுக்கையறைச் சுவரில் ஒரு பூனை படுத்திருப்பதுபோல ஈரக்கறை. அந்த இரண்டு குறைகளால்தான் வாடகை எங்கள் கைக்கு எட்டியது. அங்கிருந்து அக்காவின் தொழிற்சாலைக்கு ஒரே ரயில். குழந்தையின் எடைக்கு ஒரு பையில் அரிசியைக் கட்டித் தூக்கிக்கொண்டு, நிலையத்திலிருந்து மாடி வரை நானே நடந்து பார்த்தேன். மூச்சு வாங்கியது. உயிர் போகவில்லை. வீட்டுக்கார அம்மா ஒரு பல் டாக்டர். இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு மனசு ஒப்பவில்லை. லிஃப்ட் இல்லாத வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தால் கூட வேலை செய்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஞாயிறு காலையில் சாவியாரைப் பார்த்துவிடலாம், நம் நேரம் நன்றாக இருந்தால் உத்தேசத்திலேயே கிடைக்கும் என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்குப் பேச வராது. சொல்ல வேண்டியதெல்லாம் மனசுக்குள் பத்தி பிரித்து வரும். வாய்க்கு வந்து சேர்வதற்குள் எதிரே இருப்பவர் எழுந்து போயிருப்பார். இருந்த தைரியத்தையெல்லாம் கூட்டி ஒன்றே ஒன்று கேட்டேன்.

“அத்தான், லிஃப்ட் நின்னுபோனா நூல்ல சாவியக் கட்டிப் பாப்பீங்களா?”

“அது மெஷின்மா,” என்றார் அத்தான். “இது வாழ்க்கை.”

ஆக, ஞாயிற்றுக்கிழமை மெத்தைகளுக்கு நடுவில் நின்றோம். குழந்தை பக்கத்து வீட்டு அத்தையிடம் இருந்தாள். வரிசையில் இருந்தவர்கள் அதற்குள் ஒருவருக்கொருவர் அயல்வீட்டார் ஆகியிருந்தார்கள். எல்லோருக்கும் உத்தேசம்தானே வரப்போகிறது. மொட்டைமாடியில் யார் எந்தக் கிழமை துணி காயப்போடுவது என்று எங்களுக்கு முன்னால் நின்ற டீச்சரம்மா ஒரு திட்டம் வகுத்தார். பின்னால் நின்ற தம்பதி திங்கட்கிழமையை விட்டுத் தர மறுத்தார்கள். பார்க்காத கட்டடத்தில், ஏறாத மாடியில், கட்டாத கொடிக்காக மூன்று பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சலூன்காரர் ஒருவர் வரிசையின் மேலும் கீழும் நடந்து எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உத்தேசத்துக்கு ஏற்கெனவே குடிபோனவர். ஒவ்வொரு ஞாயிறும் வருவாராம். காற்று, வெளிச்சம், அமைதி, எல்லாவற்றையும் கத்தரி பிடிக்கும் விரல்களாலேயே வரைந்து காட்டினார். ரயில் சத்தம் குழந்தையை எழுப்பிவிடுமோ என்று அக்கா கேட்டாள். ரயில் சத்தமே கேட்காது என்றார். நிலையம் பக்கத்தில் இருந்துமா?

“அதாம்மா அந்த எடத்தோட விசேஷம்,” என்றார் சலூன்காரர், ஒரு தலையணையைப் பார்த்துக்கொண்டே.

டீச்சரம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. சத்தம் இல்லாத ரயில் என்று பின்னால் சொன்னார். செய்தி மெத்தைகளைச் சுற்றிப் பின்வாசல் வழியாகத் தெருவை எட்டியபோது ரயில் தரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

மாடியறைக்குப் போய்ச் சேரவே பிற்பகல் ஆகிவிட்டது. அங்கே ஒரே நெருக்கடி. பார்த்து முடித்தவர்களும் போகாமல் அடுத்தவருக்கு என்ன வருகிறது என்று பார்க்க நின்றார்கள். நடுவில் சாவியார். கழுத்தில் கனத்த மாலை, முழுக்கச் சாவிகள். அவர் அசைந்தால் சிறைக்காவலர் வருவதுபோல ஓசை எழுந்தது.

அக்கா எங்கள் வீட்டுச் சாவியை நீட்டினாள். சாவியார் அதைத் தொடவே இல்லை.

“பித்தளைக்கு ஞாபகசக்தி கிடையாதும்மா. இரும்புதான் பொறந்த எடத்த மறக்காது.”

மாலையிலிருந்து ஒரு இரும்புச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குத் தனிக் கட்டணம். எங்களுக்கு முன்னால் டீச்சரம்மாவின் அலுமினியச் சாவிக்கும் இதே கதி. பித்தளை ஆகாது. அலுமினியம் ஆகாது. இரும்பு மட்டும் ஆகும். எனக்குள் பள்ளிக்கூட மணி அடித்தது.

அக்கா நூலைப் பிடித்தாள். சாவி சிவப்புக் கோட்டில் சும்மா போனது. நீலக் கோட்டில் நான் பார்த்த வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டியது. பச்சைக் கோட்டில் ஏறியது. புள்ளிகள் வந்தன. துடித்தது, சாய்ந்தது, டக்கென்று கடைசி வட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அறை முழுக்க ஒரு பெருமூச்சு. நகர மையத்திலிருந்து வெறும் மூன்று விரல் தூரம் என்று சாவியார் வரைபடத்தில் விரல் வைத்து அளந்து காட்டினார். எந்த நிலையத்துக்கு அடுத்து எந்த நிலையம் என்று சொல்ல வரைந்த படம் அது. விரலால் அளந்தால் கடல்கூட அரை விரல்தான்.

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. “இழுத்துச்சுடீ. நான் ஒண்ணுமே பண்ணல. தானா இழுத்துச்சு.”

அவள் பொய் சொல்லவில்லை. அது நிஜமாகவே இழுத்தது. அத்தான் முன்பணப் பையை அணைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விட்டார். ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பல் டாக்டரம்மாவின் வீட்டுப் படியில் இந்நேரம் அந்த இன்னொரு குடும்பம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது கோடு கலங்கித் தெரிந்தால் நாங்கள் வாதம் செய்வதில்லை. லென்ஸைத் திருப்புவோம். கலங்கலும் கூடவே திரும்பினால் குறை லென்ஸில். அது இருந்த இடத்திலேயே இருந்தால் குறை வேறெங்கோ. அவ்வளவுதான். வாயே தேவையில்லாத சோதனை. எனக்கென்றே செய்தது.

ஒவ்வொரு அற்புதத்துக்குப் பிறகும் சாவியார் சாவிக்கு நன்றி சொல்லக் கண்ணை மூடுவார். மூடினார்.

“எனக்குத் தலைகீழாத் தெரியுது,” என்றேன், மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று. “கொஞ்சம் திருப்பிக்கறேன்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காததால் யாரும் தடுக்கவில்லை. வரைபடத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்து மேல்பக்கம் கீழே வரும்படி திருப்பி வைத்தேன். பிறகு சுற்றி வந்து அக்காவின் காதில், இன்னொரு தடவை காட்டு என்றேன். அவள் இருந்த பூரிப்பில் பத்துத் தடவைகூடக் காட்டுவாள். இப்போது தன் பக்கமாக வந்துவிட்ட உத்தேசத்தின் மேலே சாவியைக் கொண்டுபோனாள்.

சாவி சும்மா தொங்கியது.

அக்கா மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்றும் இல்லை. குழம்பிப்போய்க் கையை எடுத்துக்கொண்டு மேசையின் எதிர்மூலைப் பக்கம் நகர்த்தினாள். டக்.

“என்ன ஸ்டேஷன் அது?” என்று யாரோ கேட்டார்கள்.

அது நிலையமே இல்லை. வரைபடத்தின் இடது கீழ்மூலையில், குறியீடுகளுக்கு விளக்கம் சொல்லும் கட்டம். இப்போது அந்த மூலைக்கு வந்திருந்தது. டீச்சரம்மா கழுத்தை முழுக்க வளைத்துத் தலைகீழ் எழுத்தைப் படித்தார். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல எழுத்துக்கூட்டித்தான் வந்தது.

“க... ழிப்... பறை.”

சாவியார் கண்ணைத் திறந்தார். வரைபடத்தைத் தொடக் கூடாது, திசை மாறினால் கிழக்குக்குக் கோபம் வரும் என்றார். அதற்குள் டீச்சரம்மா நூலை வாங்கியிருந்தார். டக். கழிப்பறை. அவரிடமிருந்து பின்னால் நின்ற தம்பதி பிடுங்கினார்கள். டக்.

“எங்களுக்கும் அங்கதான்,” என்றார் கணவர் பழக்க தோஷத்தில், மகிழ்ச்சியாக. மனைவி அவரைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

“அப்ப திங்கட்கிழமை யாருக்கு?” என்று டீச்சரம்மா மெதுவாகக் கேட்டார்.

முதல் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது மாடிப்படி வழியாக இறங்கி, மெத்தைகளைச் சுற்றி, தெருவுக்குப் போனது. தெருவில் நின்றவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். நான் வரைபடத்தை இன்னொரு முறை சாய்த்து வைத்தேன். இப்போது சாவி ஆற்றின் நடுவில் வீடு காட்டியது.

சத்தம் கேட்டு அத்தான் பக்கத்து அறையிலிருந்து வந்தார். கையில் பேனா, மூடி திறந்தபடி. மேசையைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். எங்கே திருப்பினாலும் மேசையின் ஒரே இடத்துக்குப் போய் ஒட்டும் சாவியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து வாழ்க்கை இறங்கி, மெஷின் ஏறியது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரை எடுத்து அந்த இடத்துக்கு அருகில் கொண்டுபோனார். டெஸ்டர் கையை விட்டுத் தாவி விரிப்பில் ஒட்டியது. அத்தான் மண்டியிட்டு விரிப்புக்குள் புகுந்தார். வெளியே அவர் குதிகால்கள் மட்டும்.

“ஸ்பீக்கர் காந்தம்,” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். “பெருசு.”

சாவியார் அடக்கமானவர். விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கவாட்டில் நழுவிக் கதவுப் பக்கம் நகர்ந்தார். அதே நேரம் அத்தான் காந்தத்தைப் பிய்த்துக் கையில் பிடித்தபடி எழுந்தார். இருவரும் உரசிக்கொண்டார்கள். கழுத்து மாலையில் இருந்த ஞாபகசக்தி உள்ள இரும்புச் சாவிகள் அத்தனையும் துள்ளி எழுந்து காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டன. டக், டக், டக். சாவியார் இழுத்தார். சாவிகள் விடவில்லை. அந்தச் சாவிகள் முதல்முறையாக ஓர் இடத்தைச் சரியாகக் காட்டின.

பிறகு நடந்ததில் பாதியைத்தான் பார்த்தேன். மச்சான் வாங்கிய முன்பணத்தையெல்லாம் ரசீதுகளின்படி திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவை மெத்தைக் கடைக்காரர் ஒரு இரட்டை மெத்தையால் அடைத்து நின்றார். சலூன்காரர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரிடம் போய், இல்லாத ரயிலை எதற்கு அப்படிப் புகழ்ந்தீர்கள் என்று கேட்டாள்.

“அங்க ஒரு தலைகூட இல்லம்மா,” என்றார். “தலை இருந்தாத்தானே எனக்குப் பொழப்பு. ஆள் சேந்தா ரயில் வரும்னாரு சாவியாரு. நாலு பேரு வந்தா பேசவாவது ஆள் ஆச்சேன்னு...”

பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, கடைக்காரரின் மெத்தையோடு வந்த ஒரு தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

அத்தான் காந்தத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. “மாடிக்கு மாடி லிஃப்ட் சரியா நிக்கணும்னு நான்தான் காந்தம் ஒட்டறேன்,” என்றார் என்னிடம். “தெனமும் இதான் என் வேல.” பேனாவை மூடினார். “கையெழுத்து பாதி போட்டுட்டேம்மா.”

நான் ஜன்னலைக் காட்டினேன். வெயில் எதிர்ச்சுவரின் உச்சிக்குப் போயிருந்தது.

ஓடினோம். படியில், மெத்தைகளுக்கு நடுவில், தெருவில். அத்தான் ஓடும்போது டெஸ்டர் பையில் குதித்தது. அக்காவின் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். சாதாரண ரயில் ஒன்று, தரையில் ஓடும் ரயில், நிறையச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நீலக் கோட்டில் இறங்கி, பின்தெருவில் திரும்பி, மூன்று மாடி ஏறியபோது பல் டாக்டரம்மா விளக்கைப் போடச் சுவிட்சில் கை வைத்திருந்தார். இன்னொரு குடும்பம் கீழே கேட்டைத் திறந்துகொண்டிருந்தது.

ஈரக்கறை இருக்கிறது, லிஃப்ட் இல்லை, எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். அக்காவும் அத்தானும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அங்கே மூச்சு இருந்தது எனக்கு மட்டும்தான். அரிசிப் பையோடு ஏறிப் பழகியவள்.

“பாத்துட்டோம்,” என்றேன். “நடந்தே பாத்துட்டோம். எங்களுக்கு வேணும்.”

என் குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டது. அத்தான் திரும்பிப் பார்த்தார்.

குடிவந்த பிறகு வந்த முதல் வேலைநாள். குழந்தைக்காக நான் லீவு போட்டிருந்தேன். அக்கா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் வந்தாள். குழந்தை ஈரக்கறைப் பூனைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கி “டாட்டா” என்றாள். அக்கா போகவில்லை. பையை வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மீண்டும் கதவைப் பார்த்தாள். பிறகு கையைத் தன் பக்கமாக மடக்கினாள்.

“வா,” என்றாள்.

குளியலறைக் குழாய் அன்று மூடியே இருந்தது.

இன்னும் பேச்சே சரியாக வராத குழந்தை. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தாள், இதுவரை நம்பியதை மாற்றிக்கொண்டாள். சாவியார் இப்போது வேறொரு பக்கம் மேசை போட்டிருப்பதாகவும், அங்கே வரிசை தெருவைத் தாண்டிவிட்டதாகவும் கேள்வி. அந்த வரிசையில் நிற்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன்: உங்கள் கழுத்துக்கு மேலே இருக்கிறதே, அது கட்டி முடித்து ஆள் குடியிருக்கிறதா, இல்லை இன்னும் உத்தேசம்தானா?